காதுப் பவளம்

என் பெயர் ஜெனிஸ்டன். வயது இருபத்து மூன்று. சொந்த ஊர் ஆலந்தலை. இப்போது மஸ்கட்டில், குரும் என்கிற பகுதியில் ஒரு வீட்டின் ஹாலில், பெரிய கண்ணாடித் தொட்டி ஒன்றின் எதிரே நிற்கிறேன். கை இரண்டும் உப்பில் வெடித்துக் கிடப்பதால் டைப் செய்ய முடியவில்லை. நான் சொல்லச் சொல்ல போன் எழுதிக்கொள்கிறது. எங்கள் வீட்டு நம்பருக்கு, அம்மா வைத்திருக்கும் போனுக்குத்தான் அனுப்பப் போகிறேன். ஆனால் அந்தப் போன் இன்று யார் கையில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதனால்தான் முன்பின் அறியாதவரிடம் சொல்வது போல ஊர், பேர் எல்லாம் சொல்லித் தொடங்குகிறேன்.

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். என் அம்மா செல்வமேரி உயிரோடு இருக்கிறாளா, இல்லையா?

வீட்டில் இதைக் கேட்டால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். "ஒனக்கு என்ன கிறுக்காலே? இந்தா, அம்மாட்டயே பேசு" என்பார்கள். பேசியும் இருக்கிறேன். நேற்று மதியம்கூடப் பேசினேன். பயமே அதனால்தான் வந்தது.

நாகர்கோவில் தாணுலிங்கம் அண்ணன் இங்கே ஒரு கடை வைத்திருக்கிறார். ஜன்னலைத் திறந்தால் கடல் தெரியும் வீடுகளில், ஹாலுக்குள் இன்னொரு கடல் செய்து கொடுப்பது எங்கள் தொழில். முதல்முறை இதைச் சொன்னபோது அம்மா சிரித்துச் சிரித்து இருமினாள்.

"உப்ப வெல குடுத்து வாங்கி, நல்ல தண்ணில கரைச்சு, அதுல மீன விடுதியளா? ஏன் எய்யா, அங்க உள்ள கடலுக்கு என்ன வந்துச்சு?"

"அது அழுக்கும்மா. இது அளந்து செய்யுறது."

"கடல அளக்குத ஆளுவள இப்பத்தான் கேள்விப்படுதேன்."

இந்த வீடு கோமளா மேடத்துடையது. கணவர் ஆராவமுதன் சார், இங்கே இன்ஜினியராக இருந்தவர். தொட்டியை வாங்கியது அவர்தான். எந்தப் பாறை எங்கே, குகை எந்தப் பக்கம் பார்க்க வேண்டும், விளக்குக்கு நேர் கீழே எந்தப் பவளம் என்றெல்லாம் மேடத்திடம் சொல்லிச் சொல்லியே வைத்திருக்கிறார். தண்ணீர் ஊற்றுவதற்குள் மாரடைப்பு. அதன்பின் தொட்டி வெறுமனே, மேலே பெட்ஷீட் போர்த்தி, ஹாலில் நின்றது. அவர் சொன்னபடியே அதை முடிக்க வேண்டும் என்று மேடம் எங்களைக் கூப்பிட்டார்.

பவளத் தொட்டியில் எதையும் ஒரேயடியாகப் போட முடியாது. முதலில் சுத்தம் செய்த தண்ணீர், உப்பு. பிறகு அலை எழுப்பும் பம்பு. பிறகு பாறை. அந்தப் பாறையிலிருந்து அழுகல் வாடை வரும். வாடை போகும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் பழுப்பாகப் பாசி படியும். அதைத் தின்ன நத்தை, சங்குக்குள் வாழும் முனிவன் நண்டு. அதற்குப் பிறகுதான் மீன், கடைசியில் பவளம்.

"அவசரப்பட்டவனுக்குத் தொட்டி கெடைக்காது மக்கா, சவப்பெட்டிதான் கெடைக்கும்" என்பார் தாணு அண்ணன்.

இந்த வீட்டுக்கு மேடம் கேட்டது சாதாரணப் பவளம் இல்லை. ஏதோ ஓர் ஆய்வுக்கூடத்தில் உண்டாக்கியது. அதன் முழுப் பெயர் வாயில் நுழையாது. கடையில் நாங்கள் 'காது' என்போம். "அந்த வீட்டுக் காது விரிஞ்சுட்டா?" என்று கேட்டுக்கொள்வோம். பார்க்கவும் அப்படித்தான் இருக்கும். தோல் நிறத்தில், ஓரம் சுருண்ட மடல்கள். ஒவ்வொன்றும் பிறந்த குழந்தையின் காதளவு. பாறை முழுக்க அவற்றை ஒட்டி முடித்துவிட்டுப் பார்த்தபோது எனக்கு முதுகு சிலிர்த்தது.

தாணு அண்ணன் மேடத்துக்கு விளக்கினார். "இது ஒட்டுற காலத்துல எந்தக் குரல அடிக்கடி கேக்குதோ, அத உள்ள எடுத்துக்கிடும் மேடம். பொறவு அந்தக் குரல் கேட்டாத்தான் விரியும். விரிஞ்சாத்தான் தீனி எடுக்கும். அதனால அது ஒட்டுற வரைக்கும் ரூமுல வேற ஒரு சத்தம் வரப்படாது. நீங்க மட்டும் பக்கத்துல இருந்து பேசணும்."

"என் குரல் வேண்டாம். அவர் குரல் வேணும்."

அண்ணன் பிடரியைச் சொறிந்தார். "இல்லாதவங்க குரலு சரிப்படாது மேடம். பதிஞ்சு வச்ச பேச்சுன்னா கொஞ்ச நாளு கேக்கும். பொறவு மூடிக்கிடும்."

"ஏன்?"

"உயிரோட உள்ளவன் 'வா'ங்குற ஒரு சொல்லக்கூட ரெண்டு தரம் ஒண்ணுபோல சொல்லமாட்டான். பதிஞ்சது மாறாது. இதுக்கு அது தெரிஞ்சுருது. எப்பிடின்னு கேக்காதீங்க, செஞ்சவனுக்கே தெரியாது."

"அதுக்குத்தான் என் மருமான் ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கான். அவரோட பழைய மெசேஜ் எல்லாத்தையும் மெஷினுக்குக் குடுத்தா, அவரே பேசற மாதிரி தினம் புதுசாப் பேசும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது."

அண்ணன் தலையாட்டிவிட்டு எழுந்தார். வெளியே வந்ததும் என்னிடம் சொன்னார்: "லேய், அந்த ரூமுக்குள்ள நீ வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?"

நான் திறக்கவில்லை. சத்தியமாகத் திறக்கவில்லை.

ஆனால் நான் அங்கே வேலைக்குப் போவது மதியம். அம்மா மீன் விற்று முடித்து, குளித்து, சாப்பிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டு என்னைக் கூப்பிடும் நேரமும் அதுதான். கல்ஃபில் இருக்கிற எல்லோரும் இப்படித்தான். சப்பாத்தி உருட்டுகிறவன் பக்கத்தில், மாவு டப்பாமேல் சாய்த்து வைத்த போனில் அவன் பெண்டாட்டி பேசிக்கொண்டிருப்பாள். எனக்குக் கை முழங்கைவரை தொட்டிக்குள் இருக்கும். போனைக் கண்ணாடி விளிம்பில் சாய்த்து ஸ்பீக்கரில் போட்டுவிடுவேன். பேசக்கூடாது என்று எனக்குத்தானே சொன்னார்கள், அம்மாவுக்கு இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். 'ம்' கூடக் கொட்டமாட்டேன். நகத்தால் போனில் இரண்டு தட்டு தட்டுவேன். கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்று அவளுக்கு அர்த்தம்.

"சொவத்துட்ட பேசுத மாரி இருக்கு" என்று திட்டிவிட்டு அவள் பாட்டுக்குப் பேசுவாள். வாளை என்ன விலை போனது, கோயில் கொடியேற்றத்துக்கு யார் வரவில்லை, அக்கா மகன் எந்தப் பல்லை உடைத்துக்கொண்டான், எல்லாம். நடுநடுவே இருமுவாள்.

பவளம் ஒட்டுகிற நாட்களில் சாரின் குரல் போட்ட ஸ்பீக்கர் அறையின் அந்தக் கோடியில், அலமாரியில் இருந்தது. அம்மாவின் குரல் கண்ணாடியிலேயே அதிர்ந்து தண்ணீருக்குள் இறங்கியது. அன்று அதை நான் யோசிக்கவில்லை.

பவளம் பாறையில் நன்றாக ஒட்டிப் பிடித்ததும் மேடம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்து நின்றார். மருமான் செய்த குரலைப் போட்டார்கள்.

"கோமு, காபி ஆச்சா? வெளியில என்ன வெயில் பாத்தியா!"

எனக்கே அது மெஷின் என்று தெரியவில்லை. பவளத்துக்குத் தெரிந்தது. எல்லா மடலும் ஒரே நேரத்தில் சுருண்டு மூடின. மூடின இடத்திலிருந்து வெள்ளையாகச் சளி இழுபட்டு வந்து, நூல் நூலாகத் தண்ணீரில் தொங்கியது. தொட்டியில் விட்டிருந்த மீன் இரண்டும் மூலையில் போய் ஒண்டின. "கோமு... கோமு..." என்று குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. மேடம் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்.

அடுத்த நாள் நான் சளியைக் குழாயால் உறிஞ்சிக்கொண்டிருந்தேன். மேடம் சோபாவில் படுத்திருந்தார். அம்மா கூப்பிட்டாள். பழக்கத்தில் விளிம்பில் சாய்த்துவிட்டேன்.

"எய்யா, சாப்ட்டியா?"

பாறை விரிந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அத்தனை காதுகளும் சுருள் பிரிந்து, ரத்தம் ஏறியது போலச் சிவந்து, என் போனைப் பார்த்துத் திரும்பி நின்றன. நான் கையை உருவிக்கொண்டேன்.

மேடம் எழுந்து வந்துவிட்டார். "அது யாரு?"

"எங்க அம்மா மேடம். நான் பேசல மேடம். நான் வாயே தொறக்கல."

"யாருலே அது, பொம்பளக் கொரலு?" என்றாள் அம்மா போனில்.

மேடம் என்னைப் பார்க்கவில்லை. காதுகளையே பார்த்தார். "அக்கா, நான் இந்த வீட்டுக்காரி. நிறுத்தாதீங்கோ. பேசுங்கோ."

"என்னத்தத் தாயி பேச?"

"எதுவானாலும்."

"இன்னைக்கு வாளைதான் கெடச்சுது தாயி. அதுவும் நரங்கலு, வெரலு நீளம்தான்..."

எனக்கு வேலை போகவில்லை. ஹாலில் மேடத்துக்கு ஒரு நாற்காலி வந்தது. மதியம் ஆனால் வந்து உட்கார்ந்துவிடுவார். என்னைவிட அவரிடம்தான் அம்மா அதிகம் பேசினாள். மீனே சாப்பிடாத மேடம், வாளைக்கருவாட்டை எப்படிக் கழுவ வேண்டும் என்றுகூடத் தெரிந்துகொண்டார். ஒருநாள் அம்மா, "ஒத்தையில இருக்காதிய தாயி. ஊருக்கு வந்து எங்கூட நாலு நாளு கெடங்க" என்றாள். மேடம் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். காதுகள் அன்று எவ்வளவு பெரிதாக விரிந்தன என்று சொன்னால் நம்பமாட்டீர்கள்.

பிறகு கொஞ்ச நாள் அம்மா கூப்பிடவில்லை. நான் கூப்பிட்டபோது அக்கா மெர்சியா எடுத்தாள். அம்மாவுக்கு மூச்சு முட்டியதாம், தூத்துக்குடி ஆஸ்பத்திரியாம், தொண்டையில் குழாய் போட்டு எடுத்தார்களாம், இப்போது ஒன்றும் இல்லையாம்.

"நான் வரட்டா அக்கா?"

"நீ வந்து டாக்டரா ஆவப்போறியா? சோலியப் பாரு."

வீடியோவில் காட்டச் சொன்னேன். அம்மாவின் போன் கீழே விழுந்து கேமரா உடைந்துவிட்டது என்றாள் அக்கா. உன் போனில் காட்டு என்றேன். சார்ஜ் இல்லை என்றாள். அதற்குள் அம்மா மறுபடி கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு உயிர் வந்தது. போனை விளிம்பில் வைத்தேன்.

"எய்யா, சாப்ட்டியா? ஒடம்பப் பாத்துக்க."

காதுகள் மூடின. சளி கிளம்பியது.

எனக்கு முதலில் தண்ணீர்மேல்தான் சந்தேகம். உப்பு பார்த்தேன், சரி. சூடு பார்த்தேன், சரி. பாதித் தண்ணீரை மாற்றினேன். பம்பைக் கழற்றிக் கழுவினேன். மறுநாளும் சளி. அதற்கு அடுத்த நாளும் சளி. அம்மா அன்பாகத்தான் பேசினாள். விலை சொன்னாள், கோயில் சொன்னாள். மேடம் "அக்கா, நன்னா இருக்கேளா?" என்றால் "நல்லா இருக்கேன் தாயி" என்றாள்.

அவள் போனை வைத்த பிறகு மேடம் மெதுவாகச் சொன்னார். "தம்பி, உங்கம்மா இப்பல்லாம் இருமறதே இல்ல. கவனிச்சியோ?"

நான் கவனித்திருக்கவில்லை. உடனே அக்காவைக் கூப்பிட்டேன். "அம்மாக்கு இருமல் நின்னுட்டா அக்கா? சத்தமே காணும்?"

"மருந்து குடுக்காவல்ல, அதான்" என்றாள்.

அடுத்த நாள் மதியம் அம்மா இருமினாள். "எய்யா, சாப்" என்று சொல்லி இருமி, "ட்டியா" என்று முடித்தாள். அம்மா எப்போதும் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டுதான் இருமுவாள். இந்த இருமல் என் காதுக்குள்ளேயே வந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. பிறகு இன்னொன்று. எல்லாம் ஒரே அளவு.

நான் போனை அணைத்துவிட்டேன். அம்மாவின் பேச்சை நான் பாதியில் நிறுத்தியது அதுதான் முதல்முறை.

"பழைய மெசேஜ் ஏதாவது வச்சிருக்கியா?" என்று கேட்டார் மேடம். "இந்தக் குரல் பேச ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வந்தது?"

இருந்தன. அம்மாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பத் தெரியும். ஆனால் பதிவு தொடங்கிவிட்டதா என்று எப்போதும் சந்தேகம். பட்டனை அழுத்திவிட்டுச் சும்மா இருப்பாள். மூச்சு மட்டும் வரும். பிறகுதான் "எய்யா" என்பாள். அப்படி ஒன்றை விளிம்பில் வைத்துப் போட்டேன்.

அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, அந்த மூச்சிலேயே, மூடிக் கிடந்த பாறை விரிந்துவிட்டது.

அதே மெசேஜை இன்னொரு தரம் போட்டேன். பாதிதான் விரிந்தது. மூன்றாவது தரம் அசையவில்லை. வேறொன்றைப் போட்டேன், விரிந்தது. மேடம் என் கையைப் பிடித்து நிறுத்தினார். "போறும். தீத்துடாதே."

பிறகு அவர் சொன்னதை அப்படியே சொல்கிறேன். "நானும் மெஷின் குரலத்தான் வாங்கினேன். ஆனா அவர் இல்லேன்னு தெரிஞ்சேதான் கேட்டேன். உங்காத்துல உன்னைத் தெரியாமக் கேக்க வெக்கறா. ரெண்டும் ஒண்ணு இல்ல தம்பி."

தாணு அண்ணனை வரச்சொன்னோம். அவர் தண்ணீரைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க அப்பா செத்தப்ப நான் சலாலாவுல இருந்தேன் மக்கா. வேலைய விட்டுட்டு ஓடி வந்துருவான்னு சொல்லாம வச்சிட்டாவ. அப்ப இந்த மெஷின் எல்லாம் ஏது? தம்பி போன எடுப்பான், 'அப்பா தூங்குகாரு'ம்பான். ரெண்டு மாசமாத் தூங்குனாரு எங்க அப்பா."

"அண்ணனுக்குக் கோவம் வரலியா?"

"வந்துச்சு. ஆனா யாரு மேல கோவப்பட? அவனும் அழுதுட்டுத்தானே போன எடுத்திருப்பான்." எழுந்து என் தோளில் கைபோட்டார். "டிக்கெட்டு நான் போடுகேன். நீ கெளம்பு."

டிக்கெட் போட்டாகிவிட்டது. நாளை சாயந்திரம் கிளம்புகிறேன். ஆனால் ஊரில் வந்து இறங்கியதும் தூத்துக்குடி ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிப்பதா, ஆலந்தலைக் கல்லறைத் தோட்டத்துக்கா? யாரும் சொல்லமாட்டேன் என்கிறார்கள். அந்தக் குரலிடமே கேட்டேன். "நான் அம்மாதாம்லே" என்றது. அக்கா, அதற்குப் பின்னால் இருந்து பேசுவது நீதானா, அல்லது அங்கே யாருமே இல்லையா?

எனக்கு இன்னும் ஒரு நினைப்பு இருக்கிறது. தொண்டையில் குழாய் போட்டார்கள் என்றாயே. அம்மாவுக்குப் பேச்சு மட்டும் போயிருக்கலாம் இல்லையா? பேச முடியாமல் படுத்திருக்கிறாள், அவனுக்குத் தெரிந்தால் தாங்கமாட்டான் என்று நினைத்து நீங்கள் இப்படிச் செய்திருக்கலாம் இல்லையா? அப்படி இருந்தால் எனக்கு அது போதும்.

இதை நிறுத்த வேண்டும். தொட்டியை விட்டுத் தள்ளித்தான் நிற்கிறேன் என்று நினைத்தேன். இப்போது பார்க்கிறேன், பாறையின் ஓரத்தில் புதிதாக முளைத்த சின்ன மடல்கள் நாலைந்து சுருள் பிரிந்து என் பக்கம் திரும்பியிருக்கின்றன. நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. இது என் குரலைப் பிடித்துக்கொண்டால், பிறகு அம்மாவின் மூச்சை எனக்கு அடையாளம் சொல்ல உலகத்தில் வேறெதுவும் இல்லை.

இதைப் படிப்பது அக்காவோ, அத்தானோ, யாராக இருந்தாலும் சரி. எனக்கு யார்மேலும் கோபம் இல்லை. நாளை மதியம், அம்மா கூப்பிடும் நேரத்துக்கு, அந்தப் போனிலிருந்து கூப்பிடுங்கள். யாரும் ஒரு வார்த்தை பேச வேண்டாம். அம்மா இருந்தால், போனை அவள் மூக்குக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் பிடித்திருங்கள். இங்கே என் போன் கண்ணாடி விளிம்பில் இருக்கும். இல்லையென்றால் கூப்பிடாதீர்கள். போன் அடிக்கவில்லை என்றால் நான் தெரிந்துகொள்வேன். அந்தக் குரலை மட்டும் இனிப் போடாதீர்கள்.